ஏ.எம்.எச். குறைந்தால் முட்டை தீர்ந்துவிட்டதா?

கேள்வி: வயது 33, குழந்தை இல்லை. முட்டை இருப்பைக் காட்டும் ஏ.எம்.எச். ஹார்மோன் ரத்தப் பரிசோதனையில் 0.7 வந்திருக்கிறது. முட்டையே தீர்ந்துவிட்டதோ என்று பயம். ஆய்வகத்தில் கருமுட்டை வளர்க்கிறார்களாமே, அதற்குக் காத்திருக்கலாமா? இணையத்தில் படித்துவிட்டு டி.எச்.இ.ஏ. மாத்திரை சாப்பிடுகிறேன். முடி கொட்டுகிறது, தூக்கமில்லை. நான்கு மாதமாக மாதவிடாயும் வரவில்லை, டென்ஷனாக இருக்கும்.

பதில்: டென்ஷன் என்று நீங்களே எப்படி முடிவு கட்டினீர்கள்? உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது அந்த ஒரு வரிதான். முதலில் கர்ப்பமா என்று பாருங்கள். இல்லையென்றால் இந்த வாரமே மகப்பேறு மருத்துவரிடம் போய் எஃப்.எஸ்.எச்., ஈஸ்ட்ரடியால், தைராய்டு, புரோலாக்டின் ஆகிய ஹார்மோன் பரிசோதனைகளைச் செய்துகொள்ளுங்கள். 40 வயதுக்குள் சினைப்பை ஓயத் தொடங்கியிருந்தால் எலும்பும் இதயமும் சேர்ந்து பாதிக்கப்படலாம். அதற்கு ஹார்மோன் சிகிச்சை உண்டு. அப்போதும் எல்லாம் முடிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. சினைப்பை அவ்வப்போது முட்டை விடும், இயற்கையாகவே கருத்தரித்தவர்களும் இருக்கிறார்கள்.

மாதவிடாய் ஒழுங்காக வரும் பெண்ணுக்கு ஏ.எம்.எச். மட்டும் குறைந்திருந்தால் இவ்வளவு பயம் தேவையில்லை. சினைப்பையில் முட்டையைச் சுமந்து வளரத் தொடங்கிய சின்ன நுண்ணறைகள் சுரப்பது அது. முட்டையின் தரத்தை அது சொல்லாது.

ஆய்வக முட்டைக்கு வருவோம். பெண் சிசு தாயின் வயிற்றில் இருக்கும்போதே முட்டைகள் உருவாகி, குரோமோசோம் பிரிதலின் பாதியில் உறைந்து நிற்கின்றன. அதில் ஒன்று விழித்து முதிரப் பல மாதங்கள் ஆகும். அத்தனை நாளும் சுற்றியிருக்கும் செல்கள் மெல்லிய இழைகளை முட்டைவரை நீட்டி ஊட்டம் கொடுத்துக்கொண்டே இருக்கும். இதைத் தட்டில் வைத்துச் செய்வது லேசா? எலியில் முடிந்திருக்கிறது: 1996-இல் ஒரு குட்டி பிறந்தது, 2016-இல் ஜப்பானில் ஸ்டெம் செல்லிலிருந்தே (வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய செல்) முட்டை உருவாக்கிக் குட்டிகளைப் பிறக்க வைத்தார்கள். மனித முட்டையை ஆரம்ப நிலையிலிருந்து முதிர்ச்சி வரை வளர்த்ததாக ஸ்காட்லாந்தின் எடின்பரோ ஆய்வுக் குழு அறிவித்தது 2018-இல். அதுவும் ஒருசில முட்டைகள்தான். முதிரும்போது முட்டை வெளியே தள்ளும் துருவச் செல் மிகச் சிறிதாக இருக்க வேண்டும். அவற்றில் அது அளவுக்கு மீறிப் பெரிதாக இருந்தது. அவற்றைக் கருவுறச் செய்து பார்க்கவும் இல்லை. ஏறக்குறைய வளர்ந்துவிட்ட முட்டையை எடுத்து ஓரிரு நாள் வெளியே முதிர வைக்கும் சிகிச்சை நடைமுறையில் இருக்கிறது, ஆனால் அது வேறு. தலைப்புச் செய்தியை நம்பி மருத்துவரிடம் போவதை ஒரு மாதம்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

டி.எச்.இ.ஏ. சத்து மாத்திரை இல்லை, ஹார்மோன். இன்றே நிறுத்துங்கள். முடி கொட்டுவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம், ரத்தப் பரிசோதனையையும் குழப்பும். எவ்வளவு, எத்தனை நாள் சாப்பிட்டீர்கள் என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். டப்பாவையும் கையோடு எடுத்துப் போங்கள்.