மேட்டில் நிற்கும் குளம்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் ஜப்பானின் கனாசாவா கோட்டையைப் பற்றிச் சில வரிகள் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டுப் பாலக்காடு, சித்தூர் வட்டாரங்களிலிருந்து வந்த கடிதங்கள் ஏறக்குறைய எல்லாமே கோட்டையை விட்டுவிட்டு அதன் தோட்டத்தைப் பற்றியே கேட்கின்றன. எனக்கு அதில் மிகுந்த மகிழ்ச்சி. இந்த இதழின் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: ஒசாகாவில் வேலை பார்க்கும் மகன் வரும் நவம்பரில் எங்களை அழைத்திருக்கிறான். கோட்டையைப் பார்த்த கையோடு தோட்டத்தையும் ஒரு மணி நேரத்தில் பார்த்துவிடலாம் என்கிறான். மலம்புழைத் தோட்டத்தைப் பலமுறை பார்த்துவிட்ட எங்களுக்கு அங்கே புதிதாக என்ன இருக்கும்? எப்படிப் பார்ப்பது?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, கொழிஞ்சாம்பாறை

பதில்: மகனிடம் அரை நாள் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அம்மா. மலம்புழையில் தோட்டம் அணையின் காலடியில் இருக்கிறது. தண்ணீர் மேலே தேங்கி நிற்க, செடிகளும் நீரூற்றுகளும் கீழே இருக்கின்றன. தோட்டம் என்றால் அப்படித்தான் இருக்க முடியும் என்று நமக்கும் தோன்றிவிட்டது. கனாசாவாவிலோ, கென்ரோக்கு-என் என்ற அந்தத் தோட்டம் கோட்டைக்கு எதிரே உள்ள ஒரு மேட்டின் மேல், 11 ஹெக்டேருக்குச் சற்று அதிகமான பரப்பில் இருக்கிறது. அதன் மிகப் பெரிய குளம் அந்த மேட்டின் மேல்தளத்தில் நிறைந்து நிற்கிறது. இந்தத் தண்ணீர் இங்கே எப்படி வந்தது என்ற ஒரே கேள்வியோடு உள்ளே நுழையுங்கள். மற்றவை தாமாகவே புலப்படும்.

தோட்டத்தின் பெயரிலேயே அதற்கான குறிப்பு இருக்கிறது. ஆறு இயல்புகளையும் ஒருங்கே கொண்ட தோட்டம் என்பது அந்தப் பெயரின் பொருள். விசாலம், ஒதுக்கம், மனித வேலைப்பாடு, பழமை, நீர்வளம், நெடுந்தூரக் காட்சி ஆகியவையே அந்த ஆறு. சொங் அரசமரபுக் காலத்துச் சீன நூலொன்றிலிருந்து எடுத்த இந்தக் கருத்தில், இவை ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத மூன்று இணைகள் என்பதே முக்கியம். இடத்தை விரித்தால் ஒதுக்கம் போய்விடும். மனிதக் கை அதிகம் பட்டால் பழமை போய்விடும். நீர் வேண்டுமென்றால் பள்ளத்துக்குப் போக வேண்டும், பள்ளத்தில் நின்றால் தொலைவு தெரியாது. இந்த மூன்றாவது முரண்பாட்டைக் கனாசாவாக்காரர்கள் தீர்த்துவிட்டார்கள் என்பதுதான், என் கருத்தில், இந்தத் தோட்டத்தின் உயிர். மேல்தளக் குளத்தின் அருகே நின்று பார்த்தால் ஒரு பக்கம் நிறைகுளம், மறு பக்கம் நகரத்தின் கூரைகளும் அவற்றுக்கு அப்பால் மலைகளும், வானம் தெளிந்த நாளில் கடலும் தெரியும்.

ஆகவே, தண்ணீர் வருகிற திசைக்கு எதிராக நடந்து பாருங்கள். கோட்டையின் இஷிகாவா வாசலுக்கு எதிரே உள்ள நுழைவாயிலில் புகுந்தவுடன், கூட்டத்தோடு நேரே மேலே போய்விடாமல், முதலில் கீழே இறங்கிச் சுரைக்காய் வடிவக் குளத்துக்குப் போங்கள். ஹிசாகோ குளம் என்று அதற்குப் பெயர். அந்த ஊரை ஆண்ட மாஎதா குடும்பத்தின் ஐந்தாம் பிரபு சுனனோரி 1676இல் தொடங்கிய, தோட்டத்தின் மிகப் பழைய பகுதி அதுதான். அதில் விழும் மிதோரி அருவியின் உயரம் 6.6 மீட்டர். அந்த அருவிநீர் எங்கிருந்து வருகிறது என்று ஏறிப் பார்த்தால், மேலே காசுமிகா குளம், அதாவது மூடுபனிக் குளம். இரண்டுக்கும் இடையில் ஒரு நீரூற்று உண்டு. அதற்கு மோட்டார் கிடையாது. மேல்குளத்தின் மட்டத்துக்கும் ஊற்றுவாயின் மட்டத்துக்கும் உள்ள வேறுபாடு ஒன்றே தண்ணீரைச் சுமார் 3.5 மீட்டர் எழும்ப வைக்கிறது. ஜப்பானின் மிகப் பழைய நீரூற்று என்று சொல்லப்படுவது இதுதான். பெரும்பாலோர் ஒரு நிமிடம்கூட நிற்காமல் கடந்துவிடுகிறார்கள் என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

மூடுபனிக் குளத்தின் கரையில் எல்லோரும் படம் எடுக்கும் இரண்டு கால் கல்விளக்கு இருக்கிறது. ஒரு கால் நீருக்குள்ளும், குட்டையான மறு கால் கரையோரக் கல்லின் மேலும் ஊன்றியிருக்கும். நம் வீணையில் நரம்புகளைத் தாங்கும் குதிரையைப் போல, கோத்தோ என்ற ஜப்பானிய நரம்பிசைக் கருவியிலும் தாங்குகட்டைகள் உண்டு. அந்த வடிவத்தை வைத்தே விளக்குக்குப் பெயர் வந்தது. அங்கே வரிசையில் நின்று படம் எடுப்பதைவிட, விளக்குக்குப் பின்னால் வளைந்து வரும் ஓடையைப் பிடித்துக்கொண்டு மேலே நடப்பது நல்லது. பறக்கும் வாத்துக்கூட்டம்போல அடுக்கிய பதினொரு கற்களைக் கொண்ட பாலத்தைத் தாண்டி, யாமசாகி என்ற சிறு குன்றின் அடியில் வாய்க்கால் தோட்டத்துக்குள் நுழையும் இடத்தை அடைவீர்கள். தென்கிழக்கு மூலையில் இருக்கும் அந்த இடத்தில் கூட்டம் குறைவு. ஒரு நவம்பர் காலையில் நான் அங்கே நின்றபோது, சிவந்த மேப்பிள் இலைகள் அந்த நீரில் ஒவ்வொன்றாக உள்ளே வந்துகொண்டிருந்தன. சற்று முன் கீழே அருவியில் விழுந்துகொண்டிருந்ததும் இதே தண்ணீர்தான் என்று அப்போது விளங்கியது.

கேள்வி: மோட்டார் இல்லாத காலத்தில், மேட்டின் மேலிருக்கும் கோட்டைக்கும் தோட்டத்துக்கும் தண்ணீரை ஏற்றியது எப்படி? ஆழியாற்றுத் தண்ணீரை நம்பிப் பயிர் செய்கிறவன் என்பதால் கேட்கிறேன்.
– விவசாயி, வடகரப்பதி

பதில்: ஏற்றவில்லை ஐயா, அதைவிட மேடான இடத்திலிருந்து இறக்கி வந்தார்கள். 1631இல் பெரிய தீ ஒன்று கனாசாவா நகரத்தையும் கோட்டையையும் எரித்தது. மேட்டில் இருந்த கோட்டைக்குத் தீயணைக்கத் தண்ணீர் இல்லை. அடுத்த ஆண்டே, 1632இல், மூன்றாம் பிரபு மாஎதா தொஷித்சுனேயின் ஆணைப்படி, இத்தாயா ஹியோஷிரோ என்ற நகரவாசி, சாய் ஆற்றின் மேற்பகுதியிலிருந்து சுமார் 11 கி.மீ. நீளத்துக்கு ஒரு கால்வாய் வெட்டிக் கொண்டுவந்தார். தத்சுமி கால்வாய் என்று அதற்குப் பெயர். அதில் ஒரு பகுதி மலைக்குள் சுரங்கமாகவே குடையப்பட்டது; காசர்கோட்டுப் பக்கத்துச் சுரங்கக் கிணறுகளைப் பார்த்தவர்களுக்கு அந்த வேலையின் அருமை தெரியும். வாட்டம், அதாவது சரிவு, கூடினால் கோட்டைக்கு வந்து சேருமுன் உயரம் போய்விடும், குறைந்தால் நீர் ஓடாது. மூலத்தரையிலிருந்து கடைமடை வரை வாய்க்காலின் வாட்டத்தைப் பார்த்தே வாழ்ந்த உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

இதற்குப் பிறகும் ஒரு தடை இருந்தது. தோட்டத்து மேட்டுக்கும் கோட்டை மேட்டுக்கும் நடுவில் ஆழமான அகழி. கொத்தனார் ஒருவர் கண்ணாடிபோல் தெளிந்த பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி, இரண்டு சுவர்களுக்கு மட்டம் பார்ப்பதைக் கண்டிருப்பீர்கள். குழாய் நடுவில் எவ்வளவு தொங்கினாலும் இரு முனையிலும் நீர் ஒரே மட்டத்துக்கு வந்து நிற்கும். அதையே பெரிய அளவில் செய்தார்கள். மூடிய மரக்குழாய்களைப் பள்ளத்தில் இறக்கி, மறுபக்கம் ஏற்றி, நுழைவாயைவிட வெளிவாய் சற்றுத் தாழ்ந்திருக்குமாறு வைத்தார்கள். நீர் தன் அழுத்தத்தாலேயே கோட்டைக்குள் ஏறியது. பின்னாளில் மரத்துக்குப் பதிலாகக் கல்லைக் குடைந்து குழாய் செய்தார்கள். அந்த அகழி இருந்த பள்ளத்தில் இன்று சாலை ஓடுகிறது. கோட்டைக்கும் தோட்டத்துக்கும் இடையிலுள்ள பாலத்தில் நிற்கும்போது குனிந்து பாருங்கள், தண்ணீர் எவ்வளவு ஆழம் இறங்கி ஏறியது என்று கண்ணாலேயே அளந்துவிடலாம். கால்வாய் இன்றும் ஓடுகிறது.

கேள்வி: பாலக்காட்டுக் கோட்டையிலும் அகழி நிறையத் தண்ணீர் இருக்கிறது. அங்கே ஏன் இப்படிப்பட்ட தோட்டம் உருவாகவில்லை?
– கல்லூரி மாணவர், பாலக்காடு

பதில்: காலம்தான் காரணம், தம்பி. நம் கோட்டையை 1766இல் ஹைதர் அலி கட்டினார். 1790இல் அது ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. போர்ப்படையைத் தங்கவைக்கவும் பாதுகாக்கவுமே அது பயன்பட்டது. கனாசாவாவுக்கு மாஎதா தொஷிஇயே வந்தது 1583இல். பிரபுக்களின் ஆட்சிப்பகுதிகள் ஒழிக்கப்பட்ட 1871 வரை ஒரே குடும்பத்தின் கையில் அந்த ஊர் இருந்தது. அவர்களுடைய நிலத்தின் விளைச்சல் பத்து லட்சம் கொக்குக்கும் மேல். ஒரு கொக்கு என்பது சுமார் 180 லிட்டர் அரிசி. ஓர் ஆளுக்கு ஓராண்டு உணவு என்று கணக்கு. நெல் அளந்து பழகிய பாலக்காட்டாருக்கு அந்தச் செல்வத்தின் அளவு புரியும். ஜப்பானை ஆண்ட தொகுகாவா ஆட்சியாளர்களுக்கு அடுத்த பெரும் பிரபுக்களாக இருந்த அவர்கள், படை சேர்க்கிறார்கள் என்ற சந்தேகத்துக்கு இடம் தராமல் இருப்பதற்காகவே கலைகளில் செல்வத்தைச் செலவிட்டார்கள் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது.

கோட்டைச் சுவரே தோட்டத்தின் பகுதியாகிவிட்ட ஓர் இடமும் அங்கே உண்டு. கோட்டைக்குள் கியோகுசென்-இன்மாரு என்ற பிரபுவின் சொந்தத் தோட்டம், அகழாய்வின் அடிப்படையில் மீட்டமைக்கப்பட்டு 2015இல் திறக்கப்பட்டது. பல நிறக் கற்களை அழகுக்காகவே அடுக்கிய மதிலும், அதன் உச்சியில் அருவிக்காக வைத்த கல்வாயும் அங்கே இருக்கின்றன. எதிரியைத் தடுக்க வேண்டிய கோட்டை மதிலிலிருந்து அருவி விழச் செய்த அந்த மனத்தை எண்ணிப் பாருங்கள். பாலக்காட்டுக் கோட்டையின் கருங்கல் மதிலை அதன்பின் நீங்கள் வேறு கண்ணோடு பார்ப்பீர்கள்.

கேள்வி: மாமியாருக்கு முழங்கால் வலி. அவரையும் அழைத்துப் போகலாமா? எந்த மாதம் நல்லது?
– இல்லத்தரசி, கொல்லங்கோடு

பதில்: தாராளமாக அழைத்துப் போகலாம். பாதைகள் சரளைக்கல் பரப்பியவை, நுழையுமிடத்தில் ஏற்றமும் உண்டு. ஆனால் மேலே சென்றுவிட்டால் மூடுபனிக் குளத்தைச் சுற்றி நிலம் பெரும்பாலும் சமம். சுரைக்காய்க் குளத்துக்கு இறங்கும் பகுதியை மட்டும் அவருக்காக விட்டுவிடுங்கள். கோட்டைப் பூங்காவுக்குக் கட்டணம் இல்லை, தோட்டத்துக்கு உண்டு. ஒசாகாவிலிருந்து வருவதானால், 2024 மார்ச் முதல் சுருகா நிலையத்தில் இறங்கி ஷின்கான்சென் அதிவேக ரயிலுக்கு மாற வேண்டும். அந்த மாற்றத்துக்கு அவருக்குப் போதிய நேரம் இருக்கும்படி சீட்டு எடுங்கள்.

ஏப்ரல் தொடக்கத்தில் செர்ரி பூக்கும், கூட்டமும் பெருகும். என் தேர்வு நவம்பர். மேப்பிள் சிவப்பதோடு, நவம்பர் 1 முதல் மரங்களுக்குக் கயிறு கட்டத் தொடங்குவார்கள். கனாசாவா இருக்கும் கடற்கரையில் பெய்யும் பனி ஈரமும் கனமும் மிக்கது, கிளைகள் ஒடிந்துவிடும். நம் பக்கத்தில் குலை தள்ளிய நேந்திரன் வாழைக்கு முட்டுக் கொடுப்பதைப் போல, அங்கே மரத்தின் நடுவே உயர்ந்த கம்பத்தை நட்டு, அதன் உச்சியிலிருந்து ஒவ்வொரு கிளைக்கும் ஒரு கயிறாகக் குடைக்கம்பிபோல இறக்கிக் கட்டுகிறார்கள். மூடுபனிக் குளத்தின் கரையில், பிவா ஏரிக்கரையின் கராசாகியிலிருந்து கொண்டுவந்த விதையில் வளர்ந்த பைன் மரம் ஒன்றுக்கு மட்டும் ஏறத்தாழ 800 கயிறுகள். வேலை அந்த மரத்தில்தான் தொடங்கும். தோட்டக்காரர்கள் கம்பத்தின் உச்சியில் நின்று கயிற்றை வீசுவதை உங்கள் மாமியார் குளக்கரையில் நின்றபடியே பார்க்கலாம். மார்ச் நடுவில் கயிறுகளை அவிழ்க்கத் தொடங்கிவிடுவார்கள்.