டோரு ஆற்றங்கரை: எந்த ரயில், எந்த ஜன்னல்?

கேள்வி: செப்டம்பரில் போர்ச்சுகல் போகிறோம். டோரு ஆற்றங்கரைத் திராட்சைத் தோட்டங்களைப் போர்ட்டோவிலிருந்து ஒரே நாளில் பார்த்துவிட்டுத் திரும்ப முடியுமா? கார் எடுக்கலாமா?

பதில்: முடியும், ஆனால் கார் வேண்டாம். அந்தத் தோட்டங்களின் இனிப்பு ஒயினான போர்ட் ஒயினில் ஆல்கஹால் 19 முதல் 22 சதவீதம். ஓட்டுகிறவரின் ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் ஆல்கஹால் இருந்தாலே அங்கே குற்றம். மற்றவர்கள் ருசி பார்க்க, அவர் மட்டும் தண்ணீர் குடிக்க வேண்டியதுதான்.

காலை ரயிலில், தோட்டங்களுக்கு நடுவிலுள்ள பின்யாவ் ஊருக்குப் போங்கள். ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். வலப்பக்க ஜன்னலைப் பிடியுங்கள். முதல் ஒரு மணி நேரம் ஆறே தென்படாது. ஏமாந்து இடப்பக்கம் மாறிவிட்டால் பிறகு மலைச்சுவரைத்தான் பார்க்க வேண்டும். ரயில்கள் குறைவு என்பதால், திரும்பும் வண்டியின் நேரத்தை முதலிலேயே குறித்துக்கொள்ளுங்கள். பின்யாவ் நிலையச் சுவரில் அறுவடைக் காட்சிகள் தீட்டிய நீல ஓடுகள் உண்டு. பத்து நிமிடம் ஒதுக்கலாம்.

தோட்டங்களை அங்கே 'கின்ட்டா' என்பார்கள். முன்பதிவு இல்லாமல் போகாதீர்கள்: அறுவடை நேரத்தில் ஆட்களெல்லாம் சரிவில் நிற்பார்கள். ஒரு நாளைக்கு இரண்டு கின்ட்டா போதும், மூன்றாவதில் நாக்கு மரத்துவிடும். பிற்பகல் வெயில் கொடுமை. தகடு தகடாக உரியும் சிஸ்ட் பாறை சூட்டை வாங்கி வைத்துக்கொள்ளும். தோட்ட நடையைக் காலையில் முடித்துவிடுங்கள்.

கேள்வி: திராட்சையைக் காலால் மிதிப்பது சுற்றுலாக்காரர்களுக்கான வேடிக்கைதானா?

பதில்: சில இடங்களில் அப்படித்தான். ஆனால் காரணம் இல்லாமல் இல்லை. போர்ட் ஒயின் இரண்டு மூன்று நாள்தான் நொதிக்கும். அதற்குள் தோலின் நிறம் முழுதும் சாற்றில் இறங்கியாக வேண்டும். விதை மட்டும் நசுங்கக் கூடாது, நசுங்கினால் கசக்கும். பாதம் தோலைப் பிழியும், விதையை உடைக்காது. அதனால்தான் 'லகார்' எனும் கல்தொட்டியில் தொடையளவு சாற்றில் இறங்கி, தோள்மேல் கைபோட்டு வரிசையாக மிதிக்கிறார்கள். பாதிச் சர்க்கரை மீதமிருக்கும்போதே 77 சதவீதத் திராட்சைச் சாராயத்தை ஊற்றுவார்கள். சர்க்கரையை ஆல்கஹாலாக மாற்றும் ஈஸ்ட் செத்துவிடும், இனிப்பு தங்கிவிடும்.

வாங்கும் பாட்டிலை, விமான நிலையத்தில் ஒப்படைக்கும் பெட்டியில் துணி சுற்றி வையுங்கள். கைப்பையில் வைத்தால் விமான நிலையச் சோதனையிலேயே பறிபோகும்.