ஒரு வண்டி, இரண்டு தலை

கேள்வி: கடைத்தெருவுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது போலீஸ் மறித்தார்கள். நான் ஹெல்மெட் போட்டிருந்தேன். பின்னால் இருந்த என் மனைவி போடவில்லை என்று ஆயிரம் ரூபாய் அபராதம். விழுந்தால் எங்கள் மண்டைதானே உடையும், அடுத்தவருக்கு என்ன நஷ்டம்? டாஸ்மாக் நடத்துகிற அரசுக்கு எங்கள் உயிர் மேல் திடீரென்று என்ன அக்கறை? இது தனிமனித சுதந்திரத்தில் தலையிடுவது ஆகாதா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: உங்கள் கடிதத்தில் ஒரு வரி என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. நீங்கள் போட்டிருந்தீர்கள், உங்கள் மனைவி போடவில்லை. ஹெல்மெட் தேவை என்பது உங்களுக்கே தெரிந்துதான் இருக்கிறது. ஒரே வண்டியில் இரண்டு தலை போகிறது, ஒன்றுக்கு மட்டும் வாங்கியிருக்கிறீர்கள். இதில் யாருடைய சுதந்திரத்தைப் பற்றிப் பேசுகிறோம்?

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022-ஆம் ஆண்டுக் கணக்குப்படி, ஹெல்மெட் அணியாமல் விபத்தில் இறந்தவர்கள் 50,029 பேர். அதில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்து வந்தவர்கள். பிரேக் அவர்களிடம் இல்லை, ஹேண்டில்பார் அவர்களிடம் இல்லை. சேலை கட்டி ஒரு பக்கமாக உட்கார்ந்து, ஒரு கையில் சீட்டுக் கம்பியும் இன்னொரு கையில் காய்கறிப் பையுமாக வருகிற பெண்ணுக்கு, முன்னால் பள்ளம் இருப்பதே வண்டி அதில் இறங்கிய பிறகுதான் தெரியும். சரிந்தால் பின்மண்டைதான் தரையில் அடிக்கும். வேகத்தையும் வழியையும் தீர்மானித்தது வேறொருவர். அடி மட்டும் இவருக்கு.

அடுத்தவருக்கு என்ன நஷ்டம் என்று கேட்டிருக்கிறீர்கள். என் சித்தி மகனைப் பற்றிச் சொல்கிறேன். ஒன்பது வருஷத்துக்கு முன்பு தெருமுனைக் கடைக்குப் பால் வாங்கப் போனான். குறுக்கே ஒரு நாய். வண்டி முப்பதைக்கூடத் தாண்டியிருக்காது. கை காலில் பெரிய காயம் எதுவும் இல்லை, காதோரம் கொஞ்சம் ரத்தம், அவ்வளவுதான். இன்று அவனுக்கு நாற்பத்தொரு வயது. சித்தி இட்லியைச் சாம்பாரில் கரைத்து ஊட்டுகிறார். வாயோரம் வழிவதை முந்தானையால் துடைத்துவிட்டு அடுத்த வாய் வைக்கிறார். அவன் மனைவி வேலைக்குப் போய்த்தான் வீடு நடக்கிறது. அன்றைக்கு அவன் ஹெல்மெட் வாசல் கதவுக்குப் பக்கத்து ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில்தானே என்று எடுக்கவில்லை. உங்கள் கேள்வியைப் படித்ததும் சித்தியின் அந்தக் கைதான் எனக்கு ஞாபகம் வந்தது.

மெதுவாகப் போனால் ஒன்றும் ஆகாது என்று நம்புகிறவர்கள் நிறைய. தலை தரையில் மோதி நின்றாலும், உள்ளே மூளை நிற்பதில்லை. அது போய் மண்டை ஓட்டின் உட்பக்கம் இடிக்கிறது. ஹெல்மெட்டின் மேல் ஓட்டுக்குக் கீழே இருக்கிற தெர்மாகோல் மாதிரியான அடுக்கு நசுங்கி அந்த அதிர்ச்சியை வாங்கிக்கொள்கிறது. உலக நாடுகளின் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், ஹெல்மெட் அணிந்தவர்களுக்குச் சாவு அபாயம் 40 சதவீதத்துக்கு மேலும், தலைக்காயம் ஏறக்குறைய 70 சதவீதமும் குறைகிறது.

சுதந்திரம் என்ற வாதம் நீதிமன்றம் வரை போய்விட்டு வந்ததுதான். ஆந்திரத்தில் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கிய விதியை எதிர்த்து, நடமாடும் உரிமையைப் பறிக்கிறது என்று ஒருவர் வழக்குப் போட்டார். 1988-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. தலையில் அடிபட்டுச் செத்துவிடுவோமோ என்ற பயம் இல்லாமல் வண்டி ஓட்ட இந்த விதி உதவுகிறது, நடமாட்டத்தைத் தடுக்கவில்லை என்றது. தனிமனித சுதந்திரத்துக்குப் பேர் போன அமெரிக்காவில், மிச்சிகன் மாநிலம் 2012-இல் 21 வயது நிரம்பியவர்களுக்கு ஹெல்மெட்டிலிருந்து விலக்கு கொடுத்தது. அதற்கும் ஒரு நிபந்தனை வைத்தது. குறைந்தது 20,000 டாலருக்கு மருத்துவக் காப்பீடு இருக்க வேண்டும். விழுகிறவனின் செலவு ஊர் தலையில் விழும் என்பது அவர்களுக்கும் தெரியும். இங்கே யாரும் உங்களிடம் அப்படிக் கேட்கப்போவதில்லை. 108 வண்டி வரும். தமிழக அரசு 2021-இல் தொடங்கிய ‘நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். அது அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் அந்தப் பணம் எல்லோருடையது. தீவிர சிகிச்சைப் பிரிவில் உங்களுக்குக் கொடுக்கிற படுக்கை இன்னொருவருக்குக் கிடைக்காமல் போன படுக்கை.

காரில் பின்சீட்டில் பெல்ட் போடாதவர்களுக்கும் இது பொருந்தும். மோதும்போது அவர் முன்சீட்டில் இருப்பவர் மீதுதான் போய் விழுகிறார். 2022-இல் மகாராஷ்டிரத்தின் பால்கர் அருகே தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி கார் விபத்தில் இறந்தது பின்சீட்டில், பெல்ட் இல்லாமல்.

டாஸ்மாக் பற்றி நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. குடித்துவிட்டு ஓட்டுவதால் சாகிறவர்களுக்கு, கடையைத் திறந்து வைத்த அரசும் பொறுப்புச் சொல்ல வேண்டும். பெயின்ட் அடிக்காத வேகத்தடைக்கும், தோண்டிவிட்டு மூடாத குழிக்கும், ரசீது இல்லாமல் கை நீட்டுகிற காவலருக்கும் எதிராக நீங்கள் எழுதுங்கள், இதே பக்கத்தில் போடுகிறேன். ஆனால் குழி மூடுகிற வரைக்கும் அந்த ரோட்டில் உங்கள் மனைவி வெறுந்தலையோடு வர வேண்டும் என்பது எந்த ஊர் நியாயம்? அரசு தன் வேலையைச் செய்யவில்லை என்றால் அவருக்கு ஹெல்மெட் இன்னும் அதிகமாகத் தேவை.

அபராதம் கட்டின அதே ஆயிரம் ரூபாய்க்கே ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள நல்ல ஹெல்மெட் கிடைக்கிறது. ரோட்டோரம் அடுக்கி வைத்து விற்கிற தொப்பி வேண்டாம், உள்ளே கையை விட்டு அழுத்திப் பார்த்தாலே தெரிந்துவிடும். நீங்களாக ஒன்றை வாங்கி வந்துவிடாமல் மனைவியையும் கடைக்குக் கூட்டிப் போங்கள். கொண்டையோடு போட்டுப் பார்க்கட்டும், தலையை ஆட்டினால் ஹெல்மெட் தனியாக ஆடக்கூடாது. தாடைக்குக் கீழே பட்டியை மாட்டி, ‘டக்’ என்ற சத்தம் கேட்ட பிறகு வண்டியை எடுங்கள். குழந்தைகள் இருக்கிறார்களா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால், நான்கு வயதைத் தாண்டிய பிள்ளைக்கும் சட்டப்படி ஹெல்மெட் வேண்டும். சின்ன அளவிலும் கிடைக்கிறது, அன்றைக்கே கேட்டு வாங்கிவிடுங்கள்.