ஐஸ்லாந்து பைரேட் கட்சி ஏன் பட்டியலில் இல்லை?

இணையச் சுதந்திரத்துக்காகவும் பதிப்புரிமைச் சட்ட மாற்றத்துக்காகவும் குரல் கொடுக்கும் அரசியல் கட்சிகள்தான் பைரேட் கட்சிகள். அவற்றின் பன்னாட்டு அமைப்பில் ஐஸ்லாந்தைக் காணோம், கட்சியே கலைந்துவிட்டதா, கல்லூரிக் கட்டுரையில் என்ன எழுதுவது என்று கேட்டிருந்தீர்கள்.

கலையவில்லை. 2010-இல் பிரஸ்ஸல்ஸில் உருவான அந்த அமைப்பிலிருந்து 2015-இல் அவர்களாகவே விலகினார்கள், அதே ஆண்டு ஸ்வீடன் கட்சியும் வெளியேறியது, இத்தனைக்கும் 2006-இல் இந்த இயக்கத்தையே தொடங்கி வைத்தது அவர்கள்தான். அதற்காக இந்தக் கட்சிகளுக்கிடையே ஒத்துழைப்பு தோற்றது என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், ப்ளீஸ். உருப்படியான கூட்டு வேலை நடந்த இடம் ஐரோப்பிய நாடாளுமன்றம். 2009 தேர்தலில் ஸ்வீடன் பைரேட்டுகள் 7.1 சதவீத வாக்கு வாங்கி உள்ளே போய், பசுமைக் கட்சியினரோடு ஒரே குழுவில் உட்கார்ந்தார்கள். 'ஆக்டா' என்ற போலிப்பொருள் தடுப்பு ஒப்பந்தம் இணையச் சுதந்திரத்தை நெரித்துவிடும் என்று போலந்தில் தொடங்கிப் பல நாடுகளில் மக்கள் தெருவுக்கு வந்தார்கள், உள்ளே இவர்களும் விடாமல் எதிர்த்தார்கள். 2012 ஜூலை 4 அன்று 478 பேர் எதிர்த்தும் வெறும் 39 பேர் ஆதரித்தும் வாக்களிக்க, அது ஐரோப்பாவில் செத்தது. 2019 தேர்தலில் ஜெயித்துப் போன செக் பைரேட்டுகள் மூவரும் ஜெர்மன் பைரேட் ஒருவரும் உட்கார்ந்ததும் பசுமைக் கட்சியினரின் அதே குழுவில்தான்.

அப்புறம், 2014-இல் தொடங்கிய ஐரோப்பிய பைரேட் கட்சி தனி அமைப்பு, அதையும் பன்னாட்டு அமைப்பையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஐஸ்லாந்தைப் பற்றி ஒரு பத்தி கண்டிப்பாக எழுதுங்கள். பன்னாட்டு அமைப்பை விட்டு விலகிய அதே 2015-இல்தான் அவர்கள் கொண்டுவந்த மசோதாவால் அங்கே தெய்வநிந்தனைச் சட்டம் நீக்கப்பட்டது. 2024 ஐஸ்லாந்து நாடாளுமன்றத் தேர்தலில் எல்லா இடங்களையும் இழந்தார்கள், அதையும் மறைக்காமல் சேர்த்துவிடுங்கள்.