சோளகக் காற்றில் மெழுகுதிரி நிற்குமா?

கேள்வி: அன்புள்ள அக்கா, எங்கள் ஊர் பரந்தனுக்குக் கிட்ட. சனசமூக நிலையத்தில் பின்னேரங்களில் காசு வாங்காமல் எங்களுக்குக் கணக்குச் சொல்லித்தந்த அண்ணா, மூன்று கிழமைக்கு முன் ஏ9 வீதியில் டிப்பர் அடித்து இறந்துபோனார். அவரிடம் படித்த நாங்கள், 31ஆம் நாள் இரவு விளையாட்டு மைதானத்தில் ஊரைக் கூட்டி மெழுகுதிரி ஏற்றி அஞ்சலி செய்ய யோசித்திருக்கிறோம். பெரிய பதாகையும் அடிக்கப் போகிறோம். "அது வேதக்காரரின் (கிறிஸ்தவரின்) பழக்கம், எங்களுக்கு எதற்கு?" என்று கோயில் சபைப் பெரியவர் ஒருவர் சொல்கிறார். பிரதேச சபை உறுப்பினர் ஒருவர் பேச நேரம் கேட்கிறார். எதிலிருந்து தொடங்குவது? – 22 வயது வாசகி

பதில்: அவருடைய அம்மாவிலிருந்து தொடங்குங்கள், தங்கச்சி. உங்கள் கடிதத்தில் மைதானம் இருக்கிறது, பதாகை இருக்கிறது, உறுப்பினர்கூட இருக்கிறார், அம்மாவைத்தான் காணவில்லை. இரண்டு பேராகப் போய்க் கேளுங்கள். ஏழெட்டுப் பேர் முற்றத்தில் போய் நின்றால், வேண்டாம் என்று நினைப்பவரும் சரி என்றுதான் சொல்வார். எந்தப் படத்தை வைப்பது என்றும் அவரிடமே கேளுங்கள். நீங்கள் கறுப்புக் கண்ணாடி போட்ட முகநூல் படத்தை எடுத்து வைத்திருப்பீர்கள். அம்மா, அடையாள அட்டைக்கு எடுத்த படத்தை நீட்டுவார். அதையே வையுங்கள். பதாகையில் அன்பளிப்புச் செய்தவர் பெயரெல்லாம் போட்டு அண்ணாவைக் கீழே தள்ளிவிடாதீர்கள்.

திகதியை மாற்றுங்கள். 31ஆம் நாள் அந்தியேட்டி, வீட்டுக்கிருத்தியம் என்ற கிரியைகள், மத்தியானம் வந்தவருக்கெல்லாம் சாப்பாடு என்று அந்த வீடு விடியமுன் எழும்பியிருக்கும். இரவு அந்தத் தாயை மைதானத்தில் கொண்டுவந்து நிறுத்துவது பாவம். இரண்டு நாள் முந்தியோ, அடுத்த கிழமையோ வையுங்கள். முந்தியென்றால் வீட்டாருக்குத் துடக்கு (தீட்டு) இருக்கும், கோயில் வளவுக்குள் அவர்கள் வரமாட்டார்கள். மைதானத்தைத் தெரிவுசெய்தது நல்லதாய்ப் போயிற்று.

கோயில் பெரியவருடன் வாதாட வேண்டாம். மடுத் தேவாலயத்து மாதாவிடம் போய் மெழுகுதிரி கொளுத்தும் சைவக்காரர் வன்னியில் எத்தனை பேர் என்று அவருக்கே தெரியும். விரும்பியவர் சிட்டி என்கிற சின்ன மண் விளக்குக் கொண்டுவரட்டும், விரும்பியவர் மெழுகுதிரி கொண்டுவரட்டும். முதல் விளக்கை அவரையே ஏற்றச் சொல்லலாமா என்று நினைப்பீர்கள். வேண்டாம், அது அம்மாவுக்குரியது.

உண்மையில் உங்களுக்கு எதிரி காற்றுத்தான். ஆடி மாதத்துச் சோளகத்தில், அந்தத் தென்மேற்குக் காற்றில், வெறுங்கையில் பிடித்த மெழுகுதிரி ஒரு நிமிடமும் நிற்காது. முழுக் கூட்டமும் நெருப்புப் பெட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும். ஜாம் போத்தல்களை இப்போதே சேர்க்கத் தொடங்குங்கள். அடியில் இரண்டு விரல் உயரத்துக்கு மணல் போட்டு அதில் திரியை ஊன்றினால் காற்றும் படாது, மெழுகும் கையில் வழியாது. பிளாஸ்டிக் போத்தலை வெட்டி வைக்காதீர்கள், உருகிவிடும். சிட்டிக்கு இன்னும் சுகமான வழி இருக்கிறது. மணல் தரையில் உள்ளங்கை ஆழத்துக்கு வரிசையாகக் குழி தோண்டி, அதற்குள் இறக்கி வையுங்கள். காற்று மேலால் போய்விடும். அப்புறம், இந்தக் காலத்தில் மைதானத்துப் புல் காய்ந்து சருகாய்க் கிடக்கும். அந்தத் துண்டைச் செதுக்கிவிட்டு நாலு வாளி தண்ணீர் வையுங்கள். சின்னப் பிள்ளைகளையும், நைலெக்ஸ் சேலை உடுத்தவர்களையும் விளக்கு வரிசையை விட்டுத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

இனி, நீங்கள் கேட்காத ஒன்று. வன்னியில் ஒருவருக்கென்று ஏற்றிய விளக்கு ஒருவரோடு நிற்காது. 2009 போரில் பிள்ளையை, புருஷனை இழந்தவர்கள் உங்கள் ஒழுங்கையிலேயே இருப்பார்கள். அன்று அவர்கள் அழும்போது அண்ணாவுக்காக மட்டும் அழமாட்டார்கள். யாராவது தன் பிள்ளையின் படத்தைச் சேலைத் தலைப்புக்குள் வைத்துக் கொண்டுவந்தால், "இது அவருக்கான நிகழ்வு" என்று சொல்லிவிடாதீர்கள். ஓரமாக ஒரு விளக்கு வைக்க இடம் விடுங்கள்.

இன்னும் சிலர் இருக்கிறார்கள். கிளிநொச்சி கந்தசாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டு 2017 பெப்ரவரி 20ஆம் திகதி போராட்டத்தில் உட்கார்ந்த தாய்மாரைப் போல, பிள்ளை இருக்கிறானா இல்லையா என்றே தெரியாதவர்கள். அப்படி ஒரு அம்மாவின் கையில் விளக்கைக் கொடுத்தால், மகன் செத்துவிட்டான் என்று அவர் வாயால் சொல்லவைப்பது போல ஆகிவிடும். ஆகையால் வாசலில் நின்று வருகிறவர் கையிலெல்லாம் மெழுகுதிரியைத் திணிக்காதீர்கள். ஒரு மேசையில் வைத்துவிடுங்கள், வேண்டியவர் எடுப்பார்கள். எடுக்காதவரை ஏன் எடுக்கவில்லை என்று கேட்காதீர்கள். பின்பக்கம் கொஞ்சக் கதிரைகள் போட்டு வைத்தால், சும்மா வந்து இருந்துவிட்டுப் போக அவர்களுக்கும் இடம் இருக்கும்.

அனுமதி விஷயம் சுருக்கம்தான். மைதானம் யாருடைய பொறுப்பில் இருக்கிறதோ அவர்களிடமும் கிராம சேவையாளரிடமும் கடிதம் கொடுத்து, பிரதியொன்றைக் கையில் வைத்திருங்கள். ஒலிபெருக்கி வைத்தால் பொலிஸ் அனுமதி வேண்டும். கொஞ்சப் பேருக்கு ஒலிபெருக்கி தேவையுமில்லை. எங்கள் பக்கத்தில் நாலு விளக்குக் கொளுத்தினாலே யாராவது வந்து பெயர் கேட்பார்கள் என்பது உங்களுக்குப் புதிதல்ல. வந்தால் ஒருவரே பதில் சொல்லட்டும், பிரதியைக் காட்டட்டும்.

டிப்பர்க்காரனைப் பற்றி அன்று யாரும் வாய் திறக்க வேண்டாம். வழக்கை நீதிமன்றம் பார்க்கட்டும். அவனுடைய வீட்டாரும் கூட்டத்தில் நிற்கக்கூடும். அந்த இடத்தில் மின்விளக்கும் கடவையும் வேண்டும் என்றால் ஊர்க் கையெழுத்தோடு வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குத் தனியாக எழுதுங்கள். ஏ9 அவர்களுடைய வீதி.

பேச்சுக்குப் பதிலாக, அவரிடம் படித்த மூன்று நாலு பேர் ஆளுக்கு ஒரு சம்பவம் சொன்னால் போதும். பெருக்கல் பிழைத்தபோது எப்படித் திட்டினார், யாருக்குச் சைக்கிள் டியூப் ஒட்டிக்கொடுத்தார், அப்படியானவை. "அன்னாரின் இழப்பு ஈடுசெய்ய முடியாதது" என்று தொடங்குகிறவரை முன்கூட்டியே மறித்துவிடுங்கள்.

உறுப்பினர் வரட்டும். பேச்சு யாருக்கும் இல்லை, வீட்டாரின் விருப்பம் அப்படி என்று முதல் நாளே போனில் சொல்லிவிடுங்கள். அன்று வெள்ளைச் சட்டையோடு முன்னால் வந்து நின்றபிறகு சொல்ல உங்களால் ஏலாது.