எங்கள் பையன்கள் வேலை செய்கிற கடை

கேள்வி: அம்மாவை மாதம் ஒரு தடவை மஹரகம புற்றுநோய் ஆஸ்பத்திரி கிளினிக்குக்குக் கூட்டிப் போகிறேன். கூடவே கொழும்பிலும் ஒன்றிரண்டு வேலை இருக்கும். பஸ் காசைவிடச் சாப்பாட்டுக்குத்தான் அதிகம் போகிறது. காசும் கட்டுப்படியாக வேண்டும், டீசன்டாகவும் இருக்க வேண்டும். உங்களுக்குப் பிடித்த கடைகளைச் சொல்லுங்கள். நம்ம தோட்டத்துப் பையன்கள் வேலை செய்கிற கடைகள் மட்டும் வேண்டாம், அங்கே சுத்தம் இருக்காது.
ஒரு வாசகர், பொகவந்தலாவை

பதில்: தம்பி, கடைகளைச் சொல்கிறேன். ஆனால் உங்கள் கடைசி வரிக்குப் பதில் சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது.

புறக்கோட்டையிலிருந்து வெள்ளவத்தை வரைக்கும் நான் சாப்பிட்ட கடைகளில் தேத்தண்ணி ஆற்றுகிறவர், பராட்டா வீசுகிறவர், மேசை துடைக்கிறவர் என்று யாராவது ஒருவர் மஸ்கெலியாவாகவோ நோர்வூட்டாகவோ லிந்துலையாகவோ பசறையாகவோ இருந்திருக்கிறார். ஓ.எல். எழுதிவிட்டு முடிவு வருவதற்குள் வேலைக்குப் போனவர்கள். அப்பா படுக்கையில் விழுந்த வருடம் போனவர்கள். விடியக்காலையில் எழுந்து மா பிசைந்து, ராத்திரி கடை கழுவி, கடைக்கு மேலே உள்ள அறையில் பாய் விரிக்கிறவர்கள். நீங்கள் கேட்கிற மாதிரியான கடையைத் தேடி அலைந்தால் அம்மாவைப் பசியோடு ஊருக்குக் கூட்டி வருவீர்கள்.

ஒரு கடை அழுக்காக இருந்தால் அது முதலாளியின் அழுக்கு. குழாயில் தண்ணீர் வராமல் இருப்பதற்கும், எல்லா மேசைக்கும் ஒரே துணி இருப்பதற்கும், கூட்டம் நெரிகிற மத்தியான நேரத்தில் தட்டுக் கழுவ ஒரே ஒருவரை விட்டிருப்பதற்கும் அந்தப் பையன் பொறுப்பாக மாட்டான். தோட்டத்து ஆட்களுக்குச் சுத்தம் தெரியாது என்று டவுன் ஆட்கள் சொன்னபோது நம் அப்பா அம்மா என்ன பாடுபட்டார்கள் என்று உங்களுக்கும் தெரிந்திருக்கும். அதே பேச்சைப் பொகவந்தலாவையிலிருந்து வந்த கடிதத்தில் படித்தபோது எனக்கு மனசு வலித்தது. அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

சரி, கடைகள். கொழும்பில் எனக்கு முதலில் ஞாபகம் வருவது பம்பலப்பிட்டியில் காலி வீதியில் இருக்கிற சரஸ்வதி லொட்ஜ். பழைய சைவக்கடை. அலங்காரம் எதுவும் கிடையாது. காலையிலும் பின்னேரத்திலும் தோசை, வடை, இடியப்பம், சாம்பார், ஒரு தேத்தண்ணி. அதே பம்பலப்பிட்டியில் ஷ்ரப்ரி கார்டன்ஸ் என்ற ஒழுங்கைக்குள் கிரீன்லண்ட்ஸ் இருக்கிறது. அதுவும் பழைய சைவக்கடைதான், கொஞ்சம் அமைதியாக உட்கார்ந்து சாப்பிடலாம். அம்மாவோடு போனால் எனக்கு இதுதான் பிடிக்கும். மீன், நண்டு, கணவாய் வேண்டுமென்றால் வெள்ளவத்தையில் யாழ் ஹோட்டல். யாழ்ப்பாணச் சமையல், காரம் தூக்கலாக இருக்கும். ஏசி காற்றை எதிர்பார்த்துப் போக வேண்டாம். கறி நன்றாக இருக்கும், அதற்காகத்தான் போகிறோம். ராத்திரியில் கொத்துக்கு நிறையப் பேர் கொள்ளுப்பிட்டி பிலாவூஸைச் சொல்வார்கள். சொல்வதில் தப்பில்லை, ஆனால் மலிவான கொத்து தேடுகிறவர் அங்கே போக வேண்டியதில்லை. கொம்பனித்தெருப் பக்கத்துச் சின்னக் கடைகளில் புட்டும் பாபத்தும் கிடைக்கும். மாட்டுக்குடல் சாப்பிடுகிறவர்கள் அதைத் தவற விடக்கூடாது.

பாஸ்போர்ட் வேலையாகப் பத்தரமுல்லைக்குப் போகிறவர்களுக்கு ஹெல போஜுன் கடையைத்தான் சொல்வேன். விவசாயத் திணைக்களம் ஏற்பாடு செய்து, கிராமத்துப் பெண்கள் தாங்களே சமைத்து விற்கிற இடம் அது. அரிசி மா, குரக்கன், பயறு, இலைக்கஞ்சி, பழச்சாறு. கோதுமை மாச் சாமான் பார்க்க முடியாது. ஒவ்வொரு அடுப்புக்கும் ஒரு அம்மா நிற்பார், நம் கண் முன்னாலேயே சுட்டுக் கொடுப்பார். இதன் மூத்த கடை பேராதனைக்குப் பக்கத்தில் கன்னொறுவையில் இருக்கிறது. கண்டி, பேராதனை ஆஸ்பத்திரிகளுக்குப் போகிற நம் ஆட்கள் அங்கே ஒரு தடவையாவது சாப்பிட்டுப் பார்க்க வேண்டும். கண்டி டவுனுக்குள் என்றால் தோசைக்கு டீ.எஸ். சேனாநாயக்க வீதியில் பாலாஜி தோசை, பராட்டாவுக்கும் கொத்துக்கும் தலதா வீதியில் முஸ்லிம் ஹோட்டல்.

நான் பெயர் சொன்ன கடைகளே எல்லா நாளும் உங்கள் வழியில் வராது. அப்போது சில விஷயங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள். சோறு கறி சாப்பிடுகிறவர் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்குள் உட்கார்ந்துவிட வேண்டும். இரண்டு மணிக்கு மேல் போனால் கறி அடிச்சட்டியில் இருக்கும். நன்றாகச் சாப்பிடக்கூடியவர் கடையிலேயே உட்கார வேண்டும், ஏனென்றால் அநேகமான கடைகளில் சோறும் மரக்கறியும் மறுபடி போடுவார்கள், மீனுக்கும் இறைச்சிக்கும் மட்டும்தான் தனிக்காசு. குறைவாகச் சாப்பிடுகிற இரண்டு பேருக்கு ஒரு சோத்துப் பார்சல் போதும். கண்ணாடிப் பெட்டியில் காலையில் போட்ட ரோல்ஸ் பின்னேரமும் அப்படியே இருந்தால் வாங்காதீர்கள். காசு வாங்குகிற கையாலேயே சாப்பாடு எடுத்து வைக்கிறார்களா, கை கழுவுகிற இடத்தில் தண்ணீரும் சவர்க்காரமும் இருக்கிறதா என்று பாருங்கள். சுத்தத்தை இப்படித்தான் அளக்க வேண்டும். வேலை செய்கிறவரின் ஊரைக் கேட்டு அளக்க முடியாது.

ஊரைக் கேளுங்கள், ஆனால் வேறு காரணத்துக்காக. “தம்பி எந்த ஊர்?” என்று அன்பாக ஒரு வார்த்தை கேட்டால், இப்போது இறக்கிய கறி எது, காலையில் வைத்தது எது என்று அந்தப் பையன் மெதுவாகச் சொல்லிவிடுவான். எனக்கு அப்படிச் சொன்ன பையன்கள் நிறைய. “அந்த மீன் வேண்டாம் சேர், முட்டை எடுங்க” என்று ஒருவன் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

டீசன்ட் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லுக்கு எவ்வளவு காசு போகிறது என்று ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ஏசி போட்ட இடங்களில் மெனுவில் இருக்கிற விலைக்கு மேல் பத்து வீதம் சேவைக் கட்டணம் வரும். அதற்கும் மேல் வற் வரி, 2024 ஜனவரியிலிருந்து 18 வீதம். 1,000 ரூபாச் சாப்பாடு கிட்டத்தட்ட 1,300 ஆகிவிடும். அதே 2024 இல்தான் தோட்டத்தில் ஒரு நாள் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபா என்று வர்த்தமானியில் வந்தது. ஒரு நாள் முழுக்க மலையேறிக் கொழுந்து எடுத்த காசை ஒருவர் ஒரு வேளைக்குக் கொடுப்பதை டீசன்ட் என்று சொல்ல எனக்கு மனம் வராது. வாசலில் போர்டில் விலை எழுதி, அந்த விலையையே வாங்குகிற கடைதான் எனக்கு மரியாதையான கடை.

காசு அதிகம் போகிற இன்னொரு இடம் வழியில் இருக்கிறது. ஹட்டன் பஸ் கினிகத்தேனை, கித்துல்கலை என்று இறங்கி வரும்போது ஏதாவது ஒரு கடையில் நிறுத்துவார்கள். பஸ்ஸைக் கொண்டுவந்து நிறுத்துகிறவருக்கு அங்கே பெரும்பாலும் காசில்லாமல் சாப்பாடு. அந்தக் காசும் நம் பில்லில்தான் சேரும். இப்படி ஒரு கடையில் வடைத் தட்டை முன்னால் வைத்தார்கள், நான் இரண்டு சாப்பிட்டேன், நான்குக்குக் காசு கேட்டார்கள். தட்டில் வைத்ததில் சாப்பிட்டதற்கு மட்டும்தான் காசு. அதனால் கை வைக்கும் முன் எண்ணிக்கொள்ளுங்கள். காஸ் விலை குறையும்போது சிற்றுண்டிச்சாலை உரிமையாளர்கள் சங்கம் சோத்துப் பார்சலுக்கும் கொத்துக்கும் விலை குறைப்பு அறிவிக்கும், ஆனால் எல்லாக் கடையும் குறைப்பதில்லை. பில் கேட்டு வாங்குங்கள், அது உங்கள் உரிமை. அநியாயமாக வாங்கினால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கத்தில் சொல்லலாம். சிங்களம் சரளமாக வராது என்று நம் ஆட்கள் பேசாமல் காசைக் கொடுத்துவிட்டு வருகிறார்கள். தமிழிலேயே பேசுங்கள்.

கடைசியாக அம்மாவுக்கு. மஹரகமையில் கிளினிக் என்றால் காலையிலிருந்து காத்திருக்க வேண்டும். அம்மாவைப் பம்பலப்பிட்டிக்கும் வெள்ளவத்தைக்கும் அலைக்காதீர்கள். மேலே சொன்ன கடைகள் நீங்கள் தனியாகக் கொழும்பு வேலைக்குப் போகிற நாளுக்கு. மருந்து ஏற்றுகிறவர்களுக்கு நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்திருக்கும். அதனால் பச்சைச் சம்பல், சாலட், வெட்டி வைத்த பழம், வீதியோர இறால் வடை எதுவும் கொடுக்க வேண்டாம். அந்த நேரத்தில் அடுப்பிலிருந்து இறக்கிய சூடான சாப்பாடுதான் நல்லது. இடியப்பமும் காரமில்லாத சொதியும் சூடாகக் கிடைத்தால் அதை வாங்கிக் கொடுங்கள். என்ன சாப்பிடலாம், என்ன கூடாது என்று கிளினிக்கில் நேர்ஸ் மிஸ்ஸிடம் ஒரு தடவை கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போவதானால் சோறு கட்டாதீர்கள். பொகவந்தலாவைக் குளிரில் சாயங்காலம் வரைக்கும் தாங்குகிற பார்சல், கொழும்பு வெக்கையில் மத்தியானத்துக்குள் கெட்டுப்போகும். தேங்காய்ப்பால் விட்ட கறி இன்னும் சீக்கிரம் கெடும். வாசனை மாறாவிட்டாலும் ஆறிப்போய்க் கிடந்த சோறு வயிற்றைக் கெடுக்கும். ரொட்டி சுடுங்கள். தேங்காய் குறைவாகப் போட்டு, கொஞ்சம் மெல்லியதாகத் தட்டி, இரண்டு பக்கமும் நன்றாக வேகவிட்டு எடுங்கள். அம்மாவுக்கு இனிப்பு ஒத்துக்கொண்டால் ஒரு துண்டு கருப்பட்டி. ரொட்டியைச் சூட்டோடு கட்டினால் உள்ளே வேர்த்து நனைந்துவிடும், முதலில் ஆறவிட்டு, சுத்தமான துணியில் சுற்றி, பிறகு பெட்டியில் வையுங்கள். சுடுதண்ணீர்ப் போத்தல் ஒன்றும் கையோடு இருக்கட்டும்.