இரவு பத்து மணி, வயிறு அசையவில்லை

கேள்வி: எனக்கு 61 வயது, இனிப்பு நீர் உண்டு. பெருங்குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்க ஈப்போவில் தேதி கொடுத்தார்கள். முதல் நாள் மாலை ஆறு மணிக்குப் பேதித்தூள் குடித்தேன். ருசி பொறுக்காமல் இரண்டு பொட்டலத்தையும் ஒரே லிட்டரில் கரைத்துவிட்டேன். பத்து மணிவரை ஒன்றுமில்லை. மருமகள் விளக்கெண்ணெயோடு வந்து நின்றாள், மறுத்துவிட்டேன். பதினொன்றரைக்குத்தான் போனது. காலையில், குடல் சுத்தமில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறுபடி தேதி வந்திருக்கிறது. இம்முறையும் தாமதித்தால் எண்ணெய் குடிக்கலாமா?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: வேண்டாம் அம்மா. தோட்டத்து டிரஸராக, அதாவது மருத்துவ உதவியாளராக, இருந்த காலத்தில் லயத்துப் பிள்ளைகளின் மூக்கைப் பிடித்து விளக்கெண்ணெய் ஊற்றிய கை இது, அதுவே சொல்கிறது. பேதித்தூளுக்கு மேல் எண்ணெய் போனால் வயிறு முறுக்கும், உடம்பு வற்றும். குடலில் அடைப்பு இருந்தால் ஆபத்து.

கோளாறு அந்த ஒரு லிட்டரில்தான். இந்தப் பேதித்தூள், அதாவது பாலிஎத்திலீன் கிளைக்கால், குடலைக் கிள்ளிவிடுவதில்லை. குடித்த தண்ணீரை உடம்பு உறிஞ்சாமல் பிடித்து வைக்கிறது. கழுவுவது தண்ணீர். பொட்டலத்துக்கு ஒரு லிட்டர் என்று மருத்துவமனை கொடுத்த தாளில் இருந்தால் ஒரு லிட்டரேதான். குளிரவைத்து, உறிஞ்சுகுழலால் குடியுங்கள். குமட்டினால் அரை மணி நேரம் நிறுத்திவிட்டு மெல்லத் தொடருங்கள்.

பெரும்பாலோருக்கு ஒன்று முதல் மூன்று மணி நேரத்தில் தொடங்கும். நாள்பட்ட மலச்சிக்கலும் இனிப்பு நீரும் உள்ளவர்களுக்கு இன்னும் இழுக்கும். எனக்கே நான்கு மணி நேரம் ஆனது. கழிப்பறை வாசலில் நாற்காலி போட்டுக் கடிகாரத்தை முறைத்துக்கொண்டிருந்தேன். என் மனைவி விரட்டி எழுப்பி வீட்டைச் சுற்றி நடக்க வைத்தாள். ஏழாவது சுற்றில் ஓடினேன்! நீங்களும் நடங்கள்.

மருந்தை முடித்துச் சில மணி நேரமாகியும் அசைவில்லை என்றால், தாளில் உள்ள எண்ணுக்கு அழைத்துக் கேளுங்கள். கூடுதல் மருந்தை அவர்கள்தான் சொல்ல வேண்டும். வயிறு மத்தளமாக உப்பி வலித்தாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ குடிப்பதை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

இனிப்பு நீர் மாத்திரையை, ஊசியை அன்று எப்படி எடுப்பது என்று இப்போதே கேட்டு வையுங்கள். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறீர்களா? அதையும் சொல்லுங்கள், ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். கடைசி இரண்டு மூன்று நாள் முருங்கைக்கீரை, விதையுள்ள பழம் வேண்டாம். முதல் நாள் தே ஓ (பால் சேர்க்காத தேநீர்) குடிக்கலாம், பால் கலந்த தே தாரிக் கூடாது. சிவப்பு சிரப்பைத் தொடாதீர்கள். உள்ளே இரத்தம்போலத் தெரியும்.

கடைசியில் போவது சிறுநீர்போல் மஞ்சளாகத் தெளிந்திருக்க வேண்டும். கலங்கலாகவே இருந்தால் ஈப்போவுக்குக் கிளம்புமுன் அழைத்துச் சொல்லிவிடுங்கள்.